முதல் கேமரா: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தறியையும் விஜயராகவப் பெருமாள் கோயில் கோபுரத்தையும் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?
– வாசகர், திருப்புட்குழி

பதில்: பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குங்கள். கேனான் 1300டி போன்ற ஒன்று, 18-55 லென்ஸோடு போதும். குறுகலான தறிவீட்டுக்கும் உயர்ந்த கோபுரத்துக்கும் 18 மி.மீ.தான் கைகொடுக்கும். மீதிப் பணத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் பாருங்கள். 55 மி.மீ.யில் எஃப்/5.6 வரை மட்டுமே திறக்கும் முதல் லென்ஸைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கலான அறையிலும் நெய்யும் கை கலங்காமல் பதியும்.

வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிர்வானத்தை எஃப்/16-இல் எடுங்கள். சென்சார் அழுக்கு புள்ளியாகத் தெரிந்துவிடும். கேமரா வந்ததும் தறியிலிருந்தே தொடங்குங்கள். அந்த உழைப்பை உள்ளிருந்து அறிந்தவர் எடுக்கும் படங்கள் நமக்கு அவசியம் வேண்டும்.