அடுப்படிக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கேட்டரிங் படிப்பை முடித்துச் சென்னையில் ஓர் ஓட்டலில் ஹெல்பராகச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. சாம்பார்ப் பக்குவமும் பொங்கல் பதமும் சரக்கு மாஸ்டரிடம் கற்றுக்கொள்வாய். உடம்பைக் காப்பதுபற்றி அங்கே யாரும் உட்காரவைத்துச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்போது எனக்கு 19 வயது. காலை நேரக் கூட்டம். பூரிச் சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது. மாஸ்டர் திட்டுவார் என்ற பயத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கூட்டம் அடங்கும்வரை பூரி போட்டேன். அப்புறம் யாரோ இரக்கப்பட்டுத் தோசை மாவைப் பூசிவிட்டார்கள். புண் சீழ் பிடித்தது. மூன்று வாரம் சம்பளமில்லாமல் ஊரில் கிடந்தேன். எண்ணெய் தெறித்தது தற்செயல். அதை மறைத்தது என் தவறு. நீ மறைக்காதே.

சுட்டவுடன் குழாயடிக்கு ஓடு. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டு. கூட்டமாக இருந்தாலும் 20 நிமிடம்தான், குறைக்காதே. வீங்குவதற்குள் மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடு. ஐஸ், பேஸ்ட், மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதே. முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டிருந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றத்தான் கை பரபரக்கும். ஊற்றவே ஊற்றாதே. வடை வேகும் எண்ணெயே 180 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். தீப்பற்றிய எண்ணெய் அதைவிட மிகவும் சூடாக இருக்கும். அதன் அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரைவரை வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடிவிட்டு விலகி நில். ஆறும்வரை திறந்து பார்க்காதே. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது.

கிரைண்டர் ஓடும்போது மாவைக் கையால் தள்ளிவிடுவது எல்லா ஓட்டலிலும் நடக்கிறது. அதை வேகம் என்று பாராட்டவும் செய்வார்கள். அப்படிப் பாராட்டு வாங்கியவர்களில் விரல் இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையை வை. தோளில் துண்டு தொங்கக்கூடாது. அண்டாவைத் தூக்கி வரும்போது வெட்கப்படாமல் “சூடு, சூடு” என்று உரக்கக் கத்து. நன்றாகச் சமைக்கிறவர்கள் எல்லாரும் கத்துகிறவர்கள்தான்.

இன்னொன்று. கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டால், “நீ சின்னப் பையன், சட்டென்று இறங்கிப் பார்” என்பார்கள். இறங்காதே. உள்ளே நிற்கும் விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போனவர்களும் அங்கேயே இறந்துபோகிறார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வேலை போனால் போகட்டும் தம்பி. வேறு ஓட்டல் இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஓட்டல் என்றால், மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குகிறவர்களை இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். உன் பங்கு 0.75 சதவீதம், 15,000 ரூபாய்க்கு 113 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் கட்டவேண்டும். வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளிலிருந்தே உனக்கு உரிமை உண்டு. இஎஸ்ஐ எண் மட்டும் கையில் இருந்திருந்தால், நான் புண்ணோடு கிடந்த மூன்று வாரம் அம்மா கடன் வாங்கியிருக்கமாட்டாள்.

முதல் சம்பளம் வாங்கும் நாளில் உன் இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கு. வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்