மெல்லிய தகட்டுக்கு மெல்லிய கம்பி

தள்ளுவண்டியின் தட்டு, உழவு இயந்திரத்தின் மட்காட், நீர்ப்பம்பியின் மூடி ஆகியன மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனவை. இடம்பெயர்ந்து திரும்பவும் கமத்தைத் தொடங்கும் குடும்பங்களிடம் இவற்றில் ஒன்றுக்கு மேல் இருப்பதில்லை. வெடித்தால் ஒட்டித்தான் பாவிக்க வேண்டும். பொருந்தாத கம்பியால் ஒட்டினாலோ, விரல் நீள வெடிப்பு கையளவு ஓட்டையாகிவிடும். ஆகவே மிக் வெல்டிங் இயந்திரத்துக்கு ஏற்ற கம்பியைத் தெரிவு செய்வது பற்றி இப்பாடத்திற் பார்ப்போம்.

தடிப்பு ஏன் முக்கியம்?

மிக் இயந்திரத்தில் சுருளிலிருந்து கம்பி தானாகவே வெளிவந்து, மின்சாரத்தால் உருகித் தகட்டுடன் சேருகிறது. அடுப்பு மூட்டும்போது சுள்ளி உடனே பற்றும். கட்டைக்குப் பெருநெருப்பு வேண்டும். கம்பியும் அப்படியே. 1.2 மில்லிமீற்றர் கம்பியின் குறுக்குப் பரப்பு 0.6 கம்பியினதைப் போல 4 மடங்கு. அதனைச் சீராக உருக்க மின்னோட்டத்தைக் கூட்டவேண்டும். கூட்டினால் தகடு தாங்காமல் ஓட்டை விழும். குறைத்தால் கம்பி உருகாமல் தகட்டில் முட்டித் தெறிக்கும்.

எந்தத் தகட்டுக்கு எது?

மென்னுருக்கில் 1 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சுமார் 40 அம்பியர் என்று கணக்கிடலாம்.

1. தகடு 1 மில்லிமீற்றர் அல்லது அதிலும் குறைவு: 0.6 கம்பி. இது சுமார் 30 அம்பியரிலேயே சீராக உருகும்.
2. தகடு 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை: 0.8 கம்பி.
3. அதற்கு மேல்: 1.0 கம்பி. 1.2 கம்பி கனமான வேலைக்கே உரியது.

ஒரேயொரு சுருள் வாங்கத்தான் வசதியுண்டு என்றால் 0.8 வாங்குவோம். கவனமாகக் கையாண்டால் 1 மில்லிமீற்றர் தகட்டையும் அதனால் ஒட்டலாம்.

அளப்பது எப்படி?

கம்பியைப் பென்சிலில் 10 சுற்று நெருக்கமாகச் சுற்றி, அடிமட்டத்தால் அளந்து 10 ஆல் வகுக்கவும். 8 மில்லிமீற்றர் வந்தால் கம்பி 0.8. அதே தகட்டின் வெட்டுத்துண்டுகள் ஐந்தை அடுக்கி அளந்து 5 ஆல் வகுத்தால் தகட்டின் தடிப்பு தெரியும்.

கம்பியை மாற்றும்போது

கம்பி வெளிவரும் செப்பு நுனியும், கம்பியைத் தள்ளும் உருளையின் தவாளிப்பும் அதே அளவாக இருக்கவேண்டும். 0.6 கம்பி எளிதில் மடங்கும். எனவே குழாயை வளையாமல் நேராக வைப்போம். மீதிக் கம்பியைப் பொலித்தீனில் சுற்றி ஈரம் படாமல் வைப்போம். துருப்பிடித்த கம்பி சிக்கும்.

ஒட்டும்போது

முதலில் அதே தடிப்புள்ள கழிவுத் தகட்டில் ஒட்டிப் பார்ப்போம். பின்னர் 2 அல்லது 3 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் பொட்டுப் பொட்டாக ஒட்டி, ஆறவிட்டு, இடைவெளிகளை மாறி மாறி நிரப்புவோம். பின்புறம் செப்புத் தகடொன்றைப் பிடித்தால் அது சூட்டை இழுக்கும், இரும்புடன் ஒட்டாது. வாயுவைக் காற்று கலைக்காதபடி மறைப்புக் கட்டுவோம். வாயு இன்றிப் பாவிக்கும் கம்பிகள் கூடிய சூடு தருவதால், மிக மெல்லிய தகட்டுக்கு அவை உதவா.

எச்சரிக்கை

நாகம் பூசிய தகட்டில் பூச்சைச் சுரண்டி அகற்றி, காற்றோட்டமான இடத்தில் ஒட்டவேண்டும். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். எண்ணெய், மருந்து இருந்த பீப்பாக்களை ஒட்டவே கூடாது. உள்ளேயுள்ள ஆவி வெடிக்கும். காணியிற் கிடந்த போர்க்கால இரும்பைத் தொடாது, கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவிப்போம்.

குழுவாகச் செய்து பார்க்க

1. உங்கள் வீட்டிலுள்ள தள்ளுவண்டித் தட்டின் தடிப்பு என்ன? அதற்கு எந்தக் கம்பி பொருந்தும்?
2. அருகிலுள்ள பட்டறையில் எந்த அளவுக் கம்பி பாவிக்கிறார்கள்? வேலை கொடுக்குமுன் கேட்டறியுங்கள்.