தங்கைக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. முகத்தில் சிவந்த தடிப்பு, மூட்டு வலி என்று டாக்டரிடம் போனோம். லூபஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறாள். அது எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் பெரியப்பா மகனைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. 29 வயது, ஒரு நோயும் இல்லாதவர். அதே வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அப்பாயி பிழைத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்திவிட்டு, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர் ஏதாவது தங்கைக்குக் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்த வேண்டாம். இதை இன்றைக்கே உங்கள் தங்கையிடம் சொல்லிவிடுங்கள். காரணத்தை அதற்குப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் அண்ணனின் மரணமும் தங்கையின் நோயும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை போலத் தெரியும். ஆனால் இரண்டு விதமான துயரத்துக்கும் வழிவிடக்கூடிய ஒரே புரதம் நம் உடம்பில் இருக்கிறது. அதன் பெயர் டிஎல்ஆர்-7. டோல் வகை ஏற்பிகளில் ஏழாவது. பிறக்கும்போதே நம்மோடு வரும் எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதி அது. ஒரு கிருமியை முன்பே சந்தித்திருக்க வேண்டும் என்ற அவசியம் அதற்கு இல்லை.

கொரோனா, இன்ஃப்ளுயன்சா, டெங்கு, எச்ஐவி ஆகிய நான்கு வைரஸ்களும் ஒற்றை இழை ஆர்என்ஏவைச் சுமந்து வருபவை. இந்த ஏற்பி தேடுவது அந்த இழையைத்தான். இன்ஃப்ளுயன்சா, எச்ஐவி இரண்டின் ஆர்என்ஏவும் இதைத் தட்டி எழுப்புகின்றன என்பதை 2004-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ஒற்றை இழை ஆர்என்ஏ நம் ஒவ்வொரு செல்லிலும்தான் நிறைந்து கிடக்கிறது. அது இல்லாமல் ஒரு புரதம்கூட உருவாகாது. அப்படியானால் நம்முடையது எது, வைரஸுடையது எது என்று இந்த ஏற்பி எப்படிப் பிரிக்கிறது? பெரும்பாலும் பிரிப்பதே இல்லை. அது பார்ப்பது ஆர்என்ஏ எங்கே இருக்கிறது என்பதை. அடுப்பில் எரிந்தால் சமையல், கூரையில் எரிந்தால் ஊரையே கூப்பிட வேண்டும். தீ ஒன்றுதான்.

அந்தக் கூரை, எண்டோசோம் என்ற சின்னஞ்சிறு பை. வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வதைச் செல் முதலில் போட்டுவைப்பது அதில்தான். பையின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது. டிஎல்ஆர்-7 செல்லின் வேறொரு பகுதியில் உருவாகிறது. அதை இந்தப் பைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே தனியாக ஒரு புரதம் இருக்கிறது. வந்த பிறகும் அங்குள்ள நொதிகள் அதை வெட்டிச் செதுக்கினால்தான் வேலை செய்யத் தொடங்கும். இத்தனை கட்டுப்பாடும், செல்லுக்குள் சாதாரணமாகத் திரியும் நம் ஆர்என்ஏ அதன் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காக. ஆர்என்ஏ அந்தப் பைக்குள் வந்துவிட்டால் மட்டும் எச்சரிக்கை கிளம்பும். இன்டர்ஃபெரான் சுரக்கும். பக்கத்துச் செல்கள் வைரஸ் பெருக முடியாதபடி தங்களை மாற்றிக்கொள்ளும். இன்டர்ஃபெரானை ஏராளமாகச் சுரப்பதற்கென்றே ரத்தத்தில் ஒரு வகைச் செல் உண்டு. அது வைரஸை உணர முக்கியமாக நம்பியிருப்பது டிஎல்ஆர்-7-ஐ.

இந்த ஏற்பி வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பது 2020-இல் நெதர்லாந்தில் தெரியவந்தது. இரண்டு குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரர்கள். 21 முதல் 32 வயது வரையிலான அந்த நால்வரும் அதற்கு முன் ஆரோக்கியமாக இருந்தவர்கள். கொரோனா வந்ததும் நால்வரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஒருவர் இறந்துவிட்டார். மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது, நால்வரின் டிஎல்ஆர்-7 மரபணுவிலும் அதைச் செயலிழக்கச் செய்யும் கோளாறு இருந்தது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு பெரிய ஆய்வு, உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 60 வயதுக்குட்பட்ட ஆண்களில் சுமார் 1.8 சதவீதத்தினரிடம் இதே குறையைக் கண்டது. பெண்களைவிட ஆண்களை இது அதிகம் தாக்கக் காரணம், அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதிலுள்ள பிரதி பழுதானால் மாற்று கிடையாது.

உங்கள் அண்ணனுக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. மரபணுப் பரிசோதனை இல்லாமல் யாரும் அப்படிச் சொல்லக்கூடாது. இளம் வயதில் கொரோனா முற்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 'நல்லா இருந்த பிள்ளை' என்று நாம் சொல்லிச் சொல்லி அழுத சில மரணங்களுக்குப் பின்னால், ஒரு வைரஸ் வந்து தட்டும்வரை தெரியாமலே இருந்த குறை இருந்திருக்கிறது. அவர்கள் எதையும் அலட்சியம் செய்யவில்லை.

உங்கள் தங்கையை நினைத்து ஒரு பயம் வேண்டாம். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வருகிறது. அண்ணனுக்கு அப்படி ஒரு குறை இருந்திருந்தாலும் அது பெரியம்மா வழியில் வந்திருக்கும். பெரியம்மா சொந்தத்திலேயே கட்டிக்கொண்டு வந்தவராக இல்லையென்றால் உங்கள் தங்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அண்ணனோடு பிறந்த தம்பிகள் இருந்தால், அவர்கள் மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

இனி லூபஸ். இடம் பார்த்து எச்சரிக்கும் ஏற்பி, இடம் தவறிப்போன நம் ஆர்என்ஏவையும் எதிரியாகத்தான் எடுத்துக்கொள்ளும். தினமும் நம் செல்கள் சாகின்றன. அவற்றின் எச்சங்கள் சரியாகத் துப்புரவு ஆகாமல், அல்லது நம் உடம்பே உருவாக்கிய தவறான எதிர்ப்புப் புரதங்கள் ஒட்டிக்கொண்டு, அந்தப் பைக்குள் போய்ச் சேர்ந்தால், வைரஸே இல்லாத வைரஸ் காய்ச்சல் போல இன்டர்ஃபெரான் ஓயாமல் சுரக்கும். பல லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இதைப் பார்க்கிறோம். 2022-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதை ஐயமறக் காட்டியது. சிறு வயதிலேயே கடுமையான லூபஸ் வந்த ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியின் டிஎல்ஆர்-7-இல், 264-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் ஏற்பி அளவுக்கு மீறி உணர்ச்சி கொண்டதாகிவிட்டது. அதே மாற்றத்தை எலிகளில் புகுத்தினார்கள். எலிகளுக்கும் லூபஸ் வந்தது.

லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். இதற்கும் எக்ஸ் ஒரு காரணம். பெண்ணின் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அடங்கியிருக்க வேண்டும். டிஎல்ஆர்-7 மரபணு சில எதிர்ப்புச் செல்களில் அடங்காமல் இரண்டு பிரதியாகவும் வேலை செய்கிறது. கூடுதலாக ஓர் எக்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் இதோடு பொருந்துகிறது.

ஆகவே 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது' என்ற பேச்சே உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. தங்கையின் எதிர்ப்பாற்றல் குறைந்து கிடக்கவில்லை. தேவையில்லாத இடத்தில் அது கூடிப்போய் இருக்கிறது. கூட்டுகிறேன் என்று விற்கும் எந்தப் பவுடருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. அவற்றை வாங்கச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் அந்த அமிலப் பையில் சேர்ந்து, ஆர்என்ஏவை டிஎல்ஆர்-7 உணர்வதைத் தணிக்கிறது. வலுவாக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளின் வரிசையில் இதைச் சேர்ப்பதில்லை. நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும் ஆபத்துதான் அதிகம். கர்ப்ப காலத்திலும் தொடரச் சொல்கிறோம். கவனிக்க வேண்டியது கண். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. முதல் ஆண்டுக்குள் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் ஆண்டுதோறும் பார்ப்பதை இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். வெயில் லூபஸைத் தூண்டும் என்பதால் குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் மூன்றும் அவளுக்கு மருந்து மாதிரி.

கேள்வி: டிஎல்ஆர்-7-ஐத் தூண்டும் பொருளைத் தடுப்பூசியிலேயே சேர்க்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா?
- வாசகர், சேலம்

பதில்: கோவாக்சின் விஷயத்தில் உண்மை. செயலிழக்கச் செய்த வைரஸ் தனியாக உடம்பை அவ்வளவாக எழுப்பாது. அதனால் டிஎல்ஆர்-7, 8 இரண்டையும் தூண்டும் ஒரு மூலக்கூறை அலுமினிய உப்பின் மேல் ஒட்டவைத்துச் சேர்த்தார்கள். அப்படி ஒட்டியிருப்பதால் அது உடம்பெங்கும் பரவாமல் ஊசி போட்ட இடத்தை ஒட்டியே வேலை செய்கிறது. மருக்களுக்குத் தடவும் இமிகுவிமாட் கிரீமும் இதே ஏற்பியைத் தூண்டுவதுதான்.

எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இதற்கு நேர்மாறான வேலை நடந்தது. வெளியிலிருந்து கொடுக்கும் ஆர்என்ஏவை இந்த ஏற்பிகள் எதிரியாகக் கருதிவிடுவதுதான் அங்கே தடை. யூரிடினைச் சற்றே மாற்றி எழுதினால் எச்சரிக்கை தணிகிறது என்று காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் கண்டார்கள். 2023-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லூபஸ் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா ஊசிகள் அவர்களுக்குத் தேவை. வலுவான எதிர்ப்பாற்றல் அடக்கிகள் எடுப்பவர்கள், உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக்கூடாது.