கானில் ஓடும் பசளை

மாடு வளர்க்கும் நாம் புல்லைத் திரும்பத் திரும்ப அறுக்கிறோம். அந்த மண்ணுக்கு என்ன கொடுக்கிறோம்? மாட்டுப்பட்டியைக் கழுவி, சாணியையும் மூத்திரத்தையும் கானில் விட்டுவிடுகிறோம். அது ஓடையில் கலந்து, கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைக் கெடுக்குது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது யூரியாவுக்கு அலைந்தோம். அப்போதும் இந்தப் பசளை கானில்தான் ஓடியது!

கூட்டெரு செய்யும் முறை:

1. ஓடைக்கும் பீலிக்கும் தள்ளி, மேடான இடத்தில் சாணி, மாடு தின்று மிஞ்சிய புல், மரக்கறித் தோல் இவற்றை அடுக்கடுக்காகப் போடுங்கள். பொலித்தீன், கண்ணாடி, பற்றரி கூடாது.

2. மூத்திரத்தையும் அதன்மேல் ஊற்றுங்கள். நைதரசனும் பொட்டாசியமும் அதில் நிறைய இருக்கு. மழை படாமல் மூடி வையுங்கள்.

3. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள. உள்ளே நன்றாகச் சூடேறினால்தான் களை விதையும் புழு முட்டையும் சாகும். சுமார் மூன்று மாதத்தில் சாணி நாற்றம் போய் மண் வாசனை வரும். அதுதான் பதம்.

4. புல் அறுத்த கையோடு பரப்புங்கள். பெருமழைக்கு முன்னே போட்டா மறுபடி கானுக்குத்தான் போகும்.

வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

மண்ணுக்கு எரு, மாட்டுக்குப் புல், பிள்ளைக்கு நல்ல தண்ணீர். இந்த மாதமே தொடங்குவோம்.