குடல் அழற்சியும் உணவு முறையும்

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், முதல் நாள் உண்ட உணவையே நம்மிற் பலர் காரணமாகக் கூறுவர். பெரும்பாலும் அது சில நாள்களில் நின்றுவிடும். ஆனால், வாரக்கணக்கில் நீடித்து, மலத்துடன் இரத்தமும் சளியும் வருமாயின் அது சீதபேதியாகவோ, நாட்பட்ட குடல் அழற்சியாகவோ, வேறு குடல் நோயாகவோ இருக்கலாம். சோதனையின்றி இவற்றைப் பிரித்தறிய இயலாது. ஆதலால், கைமருந்தில் காலங்கழிக்காமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நாட்பட்ட குடல் அழற்சி பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது ஒன்று. வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் தாக்கவல்லது மற்றொன்று. 1932-ஆம் ஆண்டில் இதனை விவரித்த மருத்துவர்களுள் ஒருவரின் பெயரால் இது குரோன் நோய் எனப்படுகிறது. இவை தொற்று நோய்கள் அல்ல. நோயாளிக்குத் தனித் தட்டு வைக்கத் தேவையில்லை.

இந்நோய் சிலகாலம் மூண்டும் சிலகாலம் தணிந்தும் இருக்கும். உணவும் அதற்கேற்ப மாற வேண்டும்.

நோய் மூண்டிருக்கும்போது

குழைந்த சோறு, கஞ்சி, இடியப்பம், அவித்த முட்டை, மீன், தோலும் விதையும் நீக்கி வேகவைத்த காய் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்ணலாம். மிகுந்த காரம், எண்ணெய்ப் பலகாரம், பச்சைக் காய்கறி, மது ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம். பால் ஒத்துக்கொள்ளாதவர் அதனை நிறுத்திப் பார்க்கலாம். வெயிலிலும் புழுக்கத்திலும் பாடுபடுவோர் நீரை இழப்பது அதிகம். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியைக் குறித்த அளவு நீரில் கரைத்துப் பருகவேண்டும்.

நோய் தணிந்தபின்

இங்குதான் பலர் தவறுகின்றனர். அச்சத்தால் கஞ்சிப் பத்தியத்தையே மாதக்கணக்கில் நீட்டிக்கின்றனர். ஏற்கெனவே இரத்தம் இழந்த உடல் மேலும் மெலிந்து, இரத்தசோகை முற்றுகிறது. கீரை, பருப்பு, பழம், கோழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கவேண்டும். உண்டதையும் ஒவ்வாததையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், தமக்கு ஆகாதது எதுவென்பது புலப்படும். குடல் சுருங்கியுள்ளவர்கள் மட்டும் நார்ச்சத்து குறித்து மருத்துவரைக் கேட்டே நடக்கவேண்டும்.

உணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று. நலமாகிவிட்டோமென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது; உடல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஆகாது. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

பத்தியம் உடலைக் காப்பதற்கே. வாட்டுவதற்கன்று என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.