தில்லியில் செம்பருத்தி

வழிபாட்டுக்குரிய மலர்களுள் செம்பருத்திக்குத் தனியிடம் உண்டு. தமிழகத்தில் அது விநாயகருக்கும் அம்பிகைக்கும் சாத்தப்படுகிறது. வங்காளத்தில் ‘ஜபா’ என்னும் பெயருடன் காளியின் திருவடிகளை அலங்கரிக்கிறது. காலையில் விரிந்து மாலையில் கூம்பிவிடும் இம்மலரை நாள்கணக்கில் சேமித்து வைக்க இயலாது. அன்றன்று பறித்து அன்றன்றே சாத்த வேண்டும். ஆதலால் வீட்டிலேயே ஒரு செடி வளர்ப்பது நெடுநாளைய வழக்கம்.

பணியின் நிமித்தம் தில்லியில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களும் இவ்வழக்கத்தை விடுவதில்லை. ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் மாடி முகப்புகளில் செம்பருத்தித் தொட்டிகளைக் காணலாம். நாற்றுப் பண்ணையில் ‘குட்ஹல்’ என்று கேட்டால் தருவார்கள். மழைக்காலத்தில் வாங்கிய செடி ஐப்பசி வரை தளராது பூக்கிறது. தை பிறக்கும்போது இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, வெறும் குச்சிகளே எஞ்சுகின்றன. வீட்டார் கவலையுற்று நாள்தோறும் நீர் வார்க்கின்றனர், உரமும் இடுகின்றனர். சில வாரங்களில் செடி உண்மையாகவே மடிந்துவிடுகிறது. குளிரே கொன்றது என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் பல வீடுகளில் செடியைக் கொல்வது குளிரன்று. அன்புடன் வார்த்த அந்த நீரே.

குளிர்காலம்

செம்பருத்தி வெப்ப நாட்டுச் செடி. வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். சென்னையில் தை மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். தில்லியிலோ சனவரி இரவுகளில் அது சராசரியாக 7 டிகிரி அளவுக்குத் தாழ்கிறது. சப்தர்ஜங் நிலையத்தில் 1935 சனவரியில் 0.6 டிகிரி உறைநிலைக்குக் கீழும் பதிவாயிற்று.

குளிரில் உறங்கும் வேர் நீரை உறிஞ்சுவதில்லை. தேங்கிய ஈரத்தில் அது அழுகிவிடும். எனவே மார்கழி, தை மாதங்களில் மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே, அதுவும் வெயிலேறிய முற்பகலில், சிறிதளவு நீர் வார்க்க வேண்டும். உரம் அறவே கூடாது. தெற்கு நோக்கிய சுவரோரம் தொட்டியை வைக்கலாம். கடுங்குளிர் இரவுகளில் மெல்லிய துணியால் மூடிக் காலையில் எடுத்துவிடலாம்.

செடி இறந்ததோ என்ற ஐயம் எழுந்தால், தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேற்கிளை காய்ந்திருப்பினும் அடித்தண்டில் பசுமை இருக்கலாம்.

வசந்தமும் கோடையும்

பிப்ரவரி இறுதியில் குளிர் தணிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். புதிய துளிர்களில்தான் மலர் தோன்றும். அப்போது மேல்மண்ணைக் கிளறி, மக்கிய சாண எருவை இடலாம். தோட்டமண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள பெரிய மண்தொட்டியில் நடுவது சிறந்தது. நாளும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

மே, சூன் மாதங்களில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும். 1944 மே மாதத்தில் சப்தர்ஜங்கில் 47.2 டிகிரி பதிவாயிற்று. அக்காலத்தில் காலையும் மாலையும் நீர் வேண்டும். பிற்பகலில் நிழல் வேண்டும். ஒருநாள் நீர் தவறினாலும் அரும்புகள் உதிரக்கூடும். தில்லியின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் காரத்தன்மையும் மிக்கது. அதனால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிட்டாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும். மக்கிய எருவும் சேமித்த மழைநீரும் இக்குறையைத் தணிக்கும்.

மழையும் பூச்சியும்

சூலை, ஆகஸ்டு மாதங்கள் பதியன் வைப்பதற்கு ஏற்றவை. பென்சில் பருமனுள்ள சாண் நீளக் கிளையை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமணலில் நிழலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும்.

செம்பருத்தி, பருத்தியும் வெண்டையும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றைத் தாக்கும் மாவுப்பூச்சி இதனையும் தாக்கும். தண்டில் எறும்பு ஊர்ந்தால் இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்க்க வேண்டும். பூச்சி சுரக்கும் இனிப்பு நீரை நாடியே எறும்பு வருகிறது. தொடக்கத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். மிகுந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கோடையில் நீர் தருவது எவ்வளவு பெரிய பணியோ, குளிரில் தராமல் பொறுத்திருப்பதும் அவ்வளவு பெரிய பணியே. நம் கவலையைத் தணித்துக்கொள்ளச் செய்வது வேறு. செடியின் தேவையறிந்து செய்வது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்து தை மாதத்தில் கையைக் கட்டிக் காத்திருந்தவர் வீட்டில், பங்குனியில் அந்த வெறுங்குச்சி துளிர்க்கும். சித்திரையில் பூசைத் தட்டில் மீண்டும் ஒரு சிவந்த மலர் இருக்கும்.