தூண்டிலோடு ஓயாவுக்குப் போகுமுன்

வரக்காப்பொலையில் புதிதாகக் குடியேறிய நீங்கள் நண்பர்களோடு அலவ்வைப் பக்கம் மா ஓயாவுக்கு மீன்பிடிக்கப் போகலாம். ஊரும் ஆட்களும் பழக நல்ல வழி. ஆனால் அரநாயக்க மலைகளில் பெய்யும் மழையும் இந்த ஓயாவில்தான் வந்து சேர்கிறது. இங்கே வெயில் எறிக்கும்போதே நீர் உயரலாம். தண்ணீர் கலங்கி, குப்பைகூளம் மிதந்து வந்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரையேறிவிடுங்கள்.

காலில் புண் இருந்தால் நீரில் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத் தொற்றலாம். அடிக்கடி இறங்குபவர்கள் பீ.எச்.ஐ.யிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், ஓயாவில் இறங்கியதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவசர அம்புலன்ஸ்: 1990.